பூட்ஸ் அளவுப்படி எழுதிய பட்டியல்

குமரேசா,

வெள்ளிக்கிழமை நீ போனில் கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்று சொன்னபோது உன் அம்மா அழுதது சந்தோஷத்தில்தான். பெண்ணின் பெயரைச் சொன்னாய், அவள் அப்பா அங்கே பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறார் என்றாய், எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில், போனை வைக்கப்போகும் நேரத்தில், "காசிமோட வாப்பா எப்படிப்பா இருக்காரு?" என்று கேட்டாய். "நல்லா இருக்காருப்பா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அந்தக் காதர் பாய் இறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. நம் சந்தில் பிடித்த நெருப்பில் இறந்தார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்று நீ கோபப்படுவாய். சொல்ல வேண்டியது இது ஒன்று மட்டும் இல்லை. ராணுவக்காரர்கள் ரோட்டில் நிறுத்திப் போனைப் பிடுங்கித் திறந்து பார்க்கிற காலம் இது. தமிழில் எழுதிய காகிதத்தை நிறுத்தி வைத்துப் படிக்க இந்த ஊரில் அவர்களிடம் ஆள் கிடையாது. ஆகவே உன் பக்கம் வருகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், பர்மிய எழுத்து மாதிரி உனக்கு ஓடாது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி. உன் சம்சாரமாகப் போகிறவளிடம் பிறகு நீயே சொல்லிவிடு. நான் உன் அம்மாவிடம் இதில் பாதியை ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்து வைத்தேன். அந்த ஒரு வருஷமும் அவள் போட்ட சோற்றை நிமிர்ந்து பார்த்துச் சாப்பிட்டதில்லை. நீ அப்படி ஒரு வீட்டை நடத்தாதே.

நான் தீயணைப்புத் தொண்டர் படையில் சேர்ந்தபோது நம் வார்டில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். பர்மியர்கள் அயான் மீதாட் என்பார்கள். சம்பளம் கிடையாது. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவர், தச்சர், மீன்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், அலோன் துறைமுகக் கிட்டங்கியில் வேலை பார்த்த நான், எல்லாரும் இருந்தோம். வார்டு ஆபீஸ் கொட்டகையில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்பால் அடித்தால், தின்ற கையைக் கழுவாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவோம். நம் தாகேதாப் பகுதியின் சந்துகளுக்குள் தீயணைப்பு லாரி நுழையாது. அது அவர்கள் குற்றம் இல்லை. பெரிய ரோட்டில் நிறுத்தி, ஹோஸை இழுத்துக்கொண்டு உள்ளே வருவதற்குள் பலகை வீடுகள் நாலைந்து போய்விடும். அந்த இடைவெளிக்குத்தான் நாங்கள். எங்களிடம் இருந்தது ஒரு பழைய பம்ப், கொஞ்சம் ஹோஸ், மூங்கிலில் செருகிய கொக்கிகள். வேறொன்றும் இருந்தது. எந்த வீட்டில் யார் எழுந்து நடக்க முடியாமல் படுத்திருக்கிறார், எந்த வீட்டுக்குப் பின்கதவு கிடையாது என்று எங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவனுக்கு வீடுதான் தெரியும், கட்டில் தெரியாது.

நீ பிறந்த அன்று நான் ஒரு மரக்கடைத் தீயில் நின்றுகொண்டிருந்தேன். பிரசவத்துக்கு உன் அம்மாவைச் சேர்த்துவிட்டு, ஒரு டீ குடிக்கலாம் என்று வெளியே வந்தவன் புகையைப் பார்த்ததும் அப்படியே போய்விட்டேன். திரும்பி வரும்போது நீ பிறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "புள்ளைக்கு மொகத்தக் காட்டறதுக்கு முந்தி கரியக் கழுவிட்டு வாங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அப்போது நான் அதைப் பெருமையாக நினைத்தேன். டீக்கடையில் சொல்லிச் சிரித்தேன். ஊருக்குத் தேவைப்படுகிற மனிதன் என்ற நினைப்பு ஒரு போதை, குமரேசா. வீட்டில் இருப்பவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உனக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பதினெட்டு வயதில் நீயும் காசிமும் சேர்ந்தே வந்து பெயர் கொடுத்தீர்கள். முதல் தீ உனக்கு நினைவிருக்கும். சந்தை ஓரத்துப் பாத்திரக்கடை. மேலே தகரம் வெடித்துச் சுருண்ட சத்தத்தில் நீ விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். நான் அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்தேன். "பயந்தா வீட்ல இருக்கணும், இங்க வந்து நிக்கக் கூடாது" என்று கத்தினேன். நீ அழவில்லை. காசிம்தான் ஓடி வந்து உன் கையில் ஹோஸின் பின்பக்கத்தைத் திணித்தான். "வாடா, நான் முன்னாடி புடிக்கிறேன், நீ என் பின்னாடியே நில்லு" என்றான். அதற்குப் பிறகு உங்கள் இருவரையும் தனித்தனியாக நான் எந்தத் தீயிலும் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கால், ஏழாம் நம்பர். படைக்கு ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் வந்தபோது ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக்கொண்டீர்கள். அந்த அறைக்கு நான் உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஏன் இப்போது கேட்கிறேன் என்பது இனிமேல் எழுதப்போவதில் இருக்கிறது.

ராணுவத்துக்கு இளைஞர்களை எடுக்கும் சட்டம் வந்த புதிதில், எல்லார் வீட்டிலும் அதே பேச்சாக இருந்த நாட்களில், வார்டு ஆபீஸில் இருந்த ஒரு குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். நான் போனபோது வெற்றிலையை மென்றபடி, "ஊலே, தொண்டருங்களுக்குப் புது பூட்ஸும் ஹெல்மெட்டும் வரப்போகுது. பேரும் பூட்ஸ் அளவும் எழுதிக் குடுங்க. வயசானவங்க வேணாம், சின்னப் பசங்க மட்டும் போதும். வயசையும் போட்டுடுங்க" என்றான். பர்மியர்கள் மரியாதையாக மாமா என்று கூப்பிடுகிற அந்த ஊலே என்ற சொல் அவன் வாயில் இனிப்பாகத்தான் இருந்தது. "பூட்ஸுக்கு வயசு எதுக்குத் தம்பி?" என்று கேட்டேன். அவன் நிமிரவில்லை. "பாரத்துல கேக்குது, ஊலே."

வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து எழுதினேன். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். முப்பது வயதுக்குள் நம் படையில் அப்போது இருந்தது நீங்கள் ஆறு பேர். கேட்டது பூட்ஸ் என்பதால் அளவு வரிசையில் எழுதினேன், சின்னதிலிருந்து பெரியது. முதலில் சோ நாய், தச்சரின் மகன், ஆறாம் நம்பர். அடுத்தது ஏழாம் நம்பர், நீயும் காசிமும். என் கை வழக்கமாக உன் பெயரைத்தான் முதலில் எழுதும். கு என்று நினைத்து, பர்மிய எழுத்தில் அதைத் தொடங்கப்போய், பேனாவை நிறுத்தினேன். எவ்வளவு நேரம் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. பேனா வைத்த இடத்தில் ஒரு புள்ளி ஊறிப் பெரிதாகியிருந்தது. அந்தப் புள்ளியின் மேலேயே காசிமின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே மற்ற மூன்று பேர். உன் பெயரை எழுதவில்லை.

எனக்கு அப்போது எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஒரு வருஷம் முயற்சி செய்து பார்த்தேன். நிச்சயமாகத் தெரியாது என்பது உண்மை. சந்தேகம் இருந்தது என்பதும் உண்மை. உன்னை விட்டுவிடுகிற அளவுக்குச் சந்தேகம் இருந்தது. மற்ற ஐந்து வீட்டுக் கதவையும் தட்டி, "பையனைக் கொஞ்ச நாள் எங்காவது அனுப்பி வையுங்கள்" என்று சொல்கிற அளவுக்கு இருக்கவில்லை. யாராவது கேட்டால், "என் பையனுக்கு பூட்ஸ் இருக்கு, மத்தவனுக்குப் போகட்டும்" என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. நான் விட்டுக்கொடுத்தேன் என்றுகூட ஆபீஸில் ஒருவர் பாராட்டினார். பயந்ததற்காக உன்னை நடுத்தெருவில் அறைந்தவன் நான். என் பயத்துக்கு யாரும் என்னை அறையவில்லை.

மூன்று வாரம் கழித்து முதல் அழைப்பு வந்தது. நம் படையிலிருந்து இரண்டு பேர். சோ நாய், காசிம். நான் எழுதிய அதே வரிசை. வேறு எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்த இரண்டு பெயரும் அடுத்தடுத்து வராது. வேறு வேறு தெரு, வேறு வேறு வயது, எழுத்து வரிசையிலும் சேராது. பூட்ஸ் அளவில் மட்டும்தான் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஆனால் அழைப்புத் தாளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இன்னொன்றும் புரிந்தது. உன் பெயர் இருந்திருந்தால் இரண்டாவது நீ, காசிம் மூன்றாவது. அழைப்பு இரண்டு பேரோடு நின்றது. பெயர் வந்த பிறகு ஓடினால் வீட்டில் இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மூன்றாவதாகவும் நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் இருந்த மூன்று பையன்களும் அந்த வாரமே ஓடிவிட்டார்கள், உன்னைப் போலவே. காசிம் மூன்றாவதாக இருந்திருந்தால் அவனும் அந்தப் பையன்களோடு பஸ் ஏறி ஓடியிருப்பான். அவனை இரண்டாவது இடத்துக்கு ஏற்றி வைத்தது என் கை.

அவன் போவதற்கு முன் நம் வீட்டுக்கு வந்ததை நீ பார்த்தாய். என்னிடம் என்ன சொன்னான் என்பதை நீ கேட்டிருக்க மாட்டாய். நீ அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் நின்றாய். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாப்பாவைப் பாத்துக்குங்க மாமா. நெருப்பு கிருப்புன்னு வந்தா மொதல்ல எங்க வீட்டுக்கு வந்துருங்க. படுக்கையா கெடக்கறவர உம்மா ஒத்தையா தூக்க முடியாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. எவ்வளவோ சொல்லியிருக்கலாம்.

நீ போன பிறகு நம் படை எப்படி ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் உன்னிடம் அதைப் பேசவில்லை. பட்டியல் ஒன்று இருந்தது என்று எப்படியோ ஊரில் பேச்சு கசிந்தது; அதை எழுதியது நான் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பட்டியலில் பெயர் இருந்தவன்தான் போனான் என்று தெரிந்ததும் அம்மாக்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வயதானவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். தொண்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தில் நடந்தால் ஆபீஸ் ஆள் என்று பேச்சை நிறுத்துகிறார்கள். ஆபீஸ் ஆட்களைத் தேடி அடிக்கிற காலத்தில் யார் எப்போது என்ன செய்வான் என்ற பயம். வாத்தியார் சட்டையை மடித்துக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார். கடைசியில் மூன்று பேர். நான், சைக்கா ஓட்டுகிற ஊ மியின், முழங்கால் மடக்க முடியாத மீன்கடைக்காரர். வெயில்காலம் தொடங்கியதும் நான் வீடு வீடாகப் போய் ஆள் கேட்டேன். ஒரு வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "பேரு எழுதுவீங்களா?" என்று கேட்டாள். "எழுதாம எப்படிம்மா?" என்றேன். "அப்ப வேணாம்" என்று சாத்திக்கொண்டாள். நான் அந்த வாசலில் நின்று, இவள் செய்வதுதான் சரி என்று நினைத்தேன்.

நெருப்பு மத்தியானம் பிடித்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. தையல்காரர் வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது போன கரண்ட். பெட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். கரண்ட் திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. எனக்கும் அது நடந்திருக்கும், யாருக்கும் நடந்திருக்கும். நான் புகையைப் பார்த்துக் கொட்டகைக்கு ஓடித் தண்டவாளத் துண்டை அடித்தேன். அடித்துக்கொண்டே சந்தைப் பார்த்தேன். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆண்கள் யாரும் ஓடி வரவில்லை; வர ஆண்கள் இல்லை. ஊ மியின் வந்தார், மீன்கடைக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். நாலு பேர் தூக்கும் பம்பை மூன்று பேரால் தூக்க முடியாமல் ஊ மியினின் சைக்காவில் உருட்டி ஏற்றினோம். குளத்தங்கரையில் இறக்கி, கயிற்றை இழுத்து இழுத்து அது உயிர் பெறுவதற்குள் தையல்காரர் வீட்டுக் கூரை இறங்கிவிட்டது. காற்று காதர் பாய் வீட்டுப் பக்கம் அடித்தது. நடுவில் ஆறே வீடு.

பக்கவாதம் வந்த பிறகு காதர் பாய்க்கு வலது பக்கம் வராது, பேச்சும் குழறும். ஒரு தடவை தவழ்ந்து வாசலுக்கு வந்து படியிலிருந்து சாக்கடையில் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு காசிமின் உம்மா ஆமினா வெளியே போனால் கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். அன்று மருந்து வாங்கப் போயிருந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் தங்கள் சாமானையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் உள்ளே ஆள் இல்லை என்று நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும். ஹோஸை ஊ மியினிடம் கொடுத்துவிட்டு, கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பூட்டை உடைக்க இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. உள்ளே புகை இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. குனிந்து, கட்டிலைத் தடவிப் பிடித்தேன். அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். இரும்புக்கடை நடத்திய உடம்பு, குமரேசா, படுத்த பிறகும் எடை இறங்கவில்லை. கட்டிலிலிருந்து தரைக்கு இழுத்தேன். தரையில் நாலடி இழுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயது. மூச்சு உள்ளே போகவில்லை, கண்ணில் கறுப்பு வந்தது.

இன்னொரு ஆள் இருந்தால் போதும். கால் பக்கம் பிடிக்க ஒருவன். ஊ மியினைக் கூப்பிட வெளியே போகலாம் என்று எழுந்தேன். காதர் பாய் வேலை செய்கிற இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "காசிமா?" என்றார். குழறல் இல்லாமல் தெளிவாகக் கேட்டார். அந்தப் புகையில் அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது. நான், "ஆமா வாப்பா. இருங்க, இதோ வந்துடறேன்" என்றேன். சொல்லிக்கொண்டே அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்தேன். காசிம் என்று கேட்டதும் அவர் பிடி தளர்ந்தது. அதனால்தான் என்னால் பிரிக்க முடிந்தது.

ஊ மியின் ஒற்றை ஆளாக ஹோஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது அவரை அப்படியும் இப்படியும் வீசியது. என் சத்தம் கேட்டு அதைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுச் சுவர் உள்பக்கம் சாய்ந்தது. நான் நுழையப் போனேன். ஊ மியின் என்னைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளி என் மேல் விழுந்தார். "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று பர்மியத்தில் என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். தீயணைப்பு லாரிக்காரர்கள் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்து மீதிச் சந்தைக் காப்பாற்றினார்கள். நம் வீடு தப்பியது. ஆமினா மருந்துப் பையோடு சந்து முனையில் வந்து நின்றபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எடுத்துட்டீங்களாண்ணே?" என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். "என் புள்ள பேரை எழுதியிருந்தா நான் உங்கள மன்னிச்சிருக்க மாட்டேன். எழுதாததுக்கும் இப்ப என்னால மன்னிக்க முடியல. நான் என்ன செய்ய?" என்றாள். பிறகு அவளே, "ஆமினாகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். போவதற்கு எனக்கு நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று.

ஆமினா இப்போது ஊரின் மறுகோடியில், ஷ்வேப்யிதாவில் தங்கை வீட்டில் இருக்கிறாள். தங்கை தையல் ஃபாக்டரிக்குப் போகிறவள். இரண்டு பஸ் மாறிப் போனேன். முன்னறையில் உட்கார வைத்து, டீ கொடுத்தாள். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா கேட்டது, நான் எழுதியது, உன் பெயரை விட்டது, வரிசை. அவள் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகும் இன்னும் இரண்டு துணி மடித்தாள்.

"ஒங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சு."

"இருந்துச்சும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"அந்த நெருப்பன்னிக்கு என் புள்ள இங்க இருந்திருந்தா?"

நான் பொய் சொல்ல நினைத்தேன். இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, காற்று அப்படி என்று சொல்லலாம். "தூக்கியிருப்பான்" என்றேன். "நானும் அவனும் ரெண்டு பேரு. தூக்கியிருப்போம்."

"போங்கண்ணே" என்றாள். சத்தம் போடவில்லை. "போயிருங்க. இன்னமே இங்க வராதீங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவள் செருப்பில்லாமல், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள். மூச்சு வாங்க நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். காசிம் உயிரோடு இருக்கிறான், குமரேசா. ராணுவத்திலிருந்து தப்பி, எல்லை தாண்டி, தாய்லாந்துப் பக்கம் வந்துவிட்டான். அவளோடு ஒரு தடவை போனில் பேசியிருக்கிறான். வாப்பா எங்கே, குடு என்று கேட்டிருக்கிறான். "தூங்கறாருன்னு சொல்லிட்டேன்" என்றாள். "அடுத்த தடவ கேட்டா என்ன சொல்லுவேன்? எனக்கு வாய் வராது. அவனுக்குச் சொல்றதுக்கு ஒங்க புள்ளதான் இருக்கான். சொல்லச் சொல்லுங்க. நீங்க எங்கிட்ட இப்ப சொன்னதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க. ஒங்களுக்காகக் கேக்கல. எம்புள்ளைக்கு எல்லாம் தெரியணும்." அவனுக்குக் கொடுக்க உன் நம்பரை வாங்கிக்கொண்டாள். பஸ் வந்தது. நான் ஏறும்போது அவள் போய்விட்டிருந்தாள்.

இங்கே படையைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் அம்மாவும் சந்தில் இன்னும் இரண்டு பெண்களும் கொட்டகைக்கு வந்து ஹோஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். முன்பு கதவைச் சாத்திய அந்தப் பெண்ணும் அதில் ஒருத்தி. பம்பை அவர்களால் தூக்க முடியாது, எங்களாலும் முடியாது. பக்கவாதக்காரர்கள், பிரசவமானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லி மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள். எதையும் தாளில் எழுதுவதில்லை. இது போதாது என்று எனக்குத் தெரியும். இன்னொரு மத்தியானம் காற்று அப்படி அடித்தால் இது போதவே போதாது. இருந்தாலும் நடக்கிறது.

காசிம் உன்னைக் கூப்பிடுவான். உன் குரலைக் கேட்டதும் முதலில் சிரிப்பான், பழைய கதையை எடுப்பான், கல்யாணத்துக்குக் கேலி செய்வான். அந்தச் சிரிப்பில் நீ தள்ளிப்போட்டுவிடாதே. நான் வெள்ளிக்கிழமை உன்னிடம் தள்ளிப்போட்டது மாதிரி செய்யாதே. முதலில் வாப்பா போய்விட்டார் என்பதைச் சொல். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் போனை வைக்காமல் இரு. எப்படிப் போனார் என்று கேட்பான். எல்லாவற்றையும் சொல். அவர் அவன் பெயரைக் கூப்பிட்டதைச் சொல். அவன் பெயரில் நான் பதில் சொன்னதையும், விரலைப் பிரித்ததையும் சொல். அதை ஆமினாவிடம்கூட நான் சொல்லவில்லை. மகனுக்கு உரியது என்று வைத்திருக்கிறேன். பிறகு பட்டியலைச் சொல். உன் பெயர் அங்கே இருந்திருக்க வேண்டும், அதை உன் அப்பா எழுதவில்லை என்று சொல். நீ அதை அறிந்திருக்கவில்லை என்பதையும் சொல். அது உண்மை, அதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு.

அதற்குப் பிறகு அவன் உன்னோடு பேசாமல் போகலாம். உன் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்தும் வராமல் போகலாம். அப்படி நடந்தால் உனக்கு இருந்த ஒரே சிநேகிதனை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான்தான். அந்தக் கோபத்தை என் மேல் வை, அவன் மேல் வைக்காதே. அவன் திட்டினால் கேட்டுக்கொள். என்னைத் திட்டினால் குறுக்கே பேசாதே. ஒன்று மட்டும் செய்யாதே, குமரேசா. என் சார்பில் அவனிடம் மன்னிப்புக் கேட்காதே. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பயத்தில் செய்துவிட்டார் என்று எனக்காக வாதாடாதே. நடந்ததைச் சொல்லிவிட்டு என் நம்பரைக் கொடு. நான் எடுப்பேன்.

உன் அப்பா